பெரட்டில் பதினேழாவது பெயர்

நாய்க்கெல்லாம் ஆள் கணக்கில் பெயர் போட முடியாது என்று குமுதாவிடம் நான் முதன்முதலில் சொல்லி நாலு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் ஒரு தடவைகூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் பெயர் சுகுமாரன். கோலாலம்பூருக்கு வடக்கே மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. ஆள் கணக்கு, கொழுந்து எடை, மேனேஜர் துரைக்குப் போகும் கடிதம், துரையிடமிருந்து வரும் திட்டு, எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். குமுதா எங்கள் இரண்டாம் நம்பர் கேங்கின் கங்காணி. நாற்பத்தொரு வயது. இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவள். பத்தொன்பது வயதில் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தாள், முப்பத்தாறில் கங்காணி ஆனாள். எங்கள் தோட்டத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். தொண்டையைப் பார்த்துத்தான் துரை வேலை கொடுத்தார் என்று நான் கேலி செய்வேன். மேல் சரிவில் நின்று அவள் ஒரு பெயரைக் கூப்பிட்டால் கீழே ஓடைப் பக்கம் இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பான்.

காலை ஆறரைக்குப் பெரட்டு. வேலைக்குப் போகும் முன் கேங்கு முழுக்க ஷெட்டில் வந்து நிற்கும். குமுதா ஒவ்வொரு பெயராக வாசிப்பாள், அந்த ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார், நான் ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் கோடு போடுவேன். அவள் கேங்கில் பதினாறு பேர். தங்கம்மா, பூவிழி, சிங்காரம் என்று எங்கள் ஆட்கள் ஏழு பேர். மற்றவர்கள் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் "இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள், குமுதா பழக்கிவிட்டது. பதினாறும் முடிந்ததும் "சரி, எல்லாரும் கெளம்பலாம்" என்பாள். அடுத்த நிமிடம் ஷெட் காலியாகிவிடும்.

இந்த ஒழுங்கைக் கெடுக்க வந்தவன்தான் கிச்சாப்.

எங்கள் எல்லையை ஒட்டி ஒரு காய்கறிப் பண்ணை இருக்கிறது. காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டுகிறதென்று பண்ணைக்காரர் இரும்புக் கூண்டு வைத்திருந்தார். ஒருநாள் விடியற்காலையில் குமுதா அந்த வழியாக வரும்போது கூண்டுக்குள் முனகல் கேட்டது. பன்றிக்குப் பதில் ஒரு குட்டி நாய். எத்தனை நேரம் உள்ளே கிடந்ததோ, கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். அவள் கதவைத் தூக்கி அதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு நேராகப் பெரட்டுக்கு வந்துவிட்டாள். சோற்றில் ஊற்றுகிற கறுப்புச் சோயா கிச்சாப் நிறத்தில் இருந்ததால் பெயரும் அங்கேயே வைத்தாகிவிட்டது. பதினாறு பெயரையும் வாசித்து முடித்தவள், சும்மா விளையாட்டுக்கு, "கிச்சாப்" என்றாள். கூடைக்குள்ளிருந்து ஒரு குரைப்பு. கேங்கு முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து தினமும் பதினேழாவதாக அவனையும் கூப்பிடுவாள். அவனும் வரிசைக் கடைசியில், தூணோரம், சொந்த இடம் போல உட்கார்ந்து ஒரே ஒரு குரைப்பு குரைப்பான். "கெளம்பலாம்" என்றதும் எல்லோருக்கும் முன்னால் ஓடுவான். நான் கோடு போட மாட்டேன். அவன் பெயரை என் வாயால் சொன்னதும் இல்லை. வந்த முதல் மாதமே என் இடது கால் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலைக்குள் எங்கோ புதைத்தவன் அவன். செக்ரோல் அரசாங்கம் பார்க்கிற புத்தகம், செருப்புத் திருடனுக்கு அதில் இடம் கிடையாது.

குமுதாவின் கணவர் ஜெகதீஸ்வரன் பஸ் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் வேலை கிடைத்துப் போனார். பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகு லயத்து வீட்டில் அவளும் கிச்சாப்பும்தான். இந்த வருடம் மார்ச் மாதத்தில் அவளுக்கும் விசா கிடைக்கும் என்று உறுதியானது. ஜூலை கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். ஈப்போவையும் பத்துமலையையும் தவிர வேறு ஊர் பார்க்காதவள் விமானம் ஏறப் போகிறாள். லயம் முழுக்க அதே பேச்சு.

உறுதியான அன்று சாயங்காலமே குமுதா ஆபீசுக்கு வந்தாள். கையில் போன். திரையில் ஜெகதீஸ்வரன்.

"கிராணி, இவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. கிச்சாப் வரலன்னா நானும் வரல."

"நாய ஏரோப்பிளேன்ல கொண்டு வர முடியுமாலா?" என்றார் அவர். "ஆளு வர்றதே பெரும்பாடு."

"ரெண்டு வருஷமா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா வாசல்ல யாரு இருந்தா? நீங்களா இருந்தீங்க?" குரலை அவள் உயர்த்தவில்லை. அவள் மெதுவாகப் பேசினால்தான் பயம். "சரி, என்ன வேணும்னு பாரு," என்றார் ஜெகதீஸ்வரன்.

போனை அணைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "அவர்கிட்ட அப்படிச் சொல்லிட்டேன், ஆனா கூட்டிட்டுப் போக முடியலன்னா விசாவ வீணாக்க முடியாது, நான் போய்த்தான் ஆகணும். அவன உங்ககிட்டதான் விட்டுட்டுப் போவேன். வேற யார நம்புறது?"

என் மிச்சச் செருப்புகள் எல்லாம் கண் முன்னால் வந்தன. அந்த நாயை இங்கிலாந்துக்கு அனுப்பியே தீருவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். இதில் பாசம் ஒன்றும் இல்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் நஜிஹா என்று ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவரின் மகள், தமிழில் பேசுவார். கிச்சாப்பைப் பார்த்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினார். அவன் சொக்கிப்போய் நின்றான்.

"முதல்ல அடையாளச் சிப். அதுக்கப்புறம்தான் வெறிநாய்க்கடி ஊசி," என்றார் நஜிஹா. "மாத்திப் போட்டா ஊசி கணக்குல வராது."

"போன வருஷம் லயத்துல எல்லா நாய்க்கும் ஊசி போட்டாங்களே, டாக்டர்?"

"அப்ப சிப் இல்லயே. எந்த நாய்க்குப் போட்ட ஊசின்னு அங்க உள்ளவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு இந்தப் பெண்ணை உடனே பிடித்துவிட்டது. கணக்கு தெரிந்தவர். அரிசி மணி அளவில் ஒரு சிப்பைத் தோளுக்கு நடுவில் ஏற்றினார், கருவியை வைத்தார், பதினைந்து எண்கள் வந்தன. நான் எழுதிக்கொண்டேன். பிறகு ஊசி. பிறகு ஒரு நீளமான பட்டியல். புறப்படுவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் எடுத்த ரத்தம் சுத்தம் என்று லேப் சொல்ல வேண்டும். கிளம்பும் வாரத்தில் பூச்சி மாத்திரை. பறக்கிறவன் எழுந்து நிற்கவும் சுற்றித் திரும்பவும் இடமுள்ள கூண்டு. தூக்க மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது, கூண்டுக்குள் அடங்காத நாயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கடைசியாக ஒன்று. அறுபது நாளைக்குப் பன்றியோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஒரு காலத்தில் நம் நாட்டில் பன்றி வழியாக வந்த காய்ச்சலை இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

குமுதாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கூண்டு, பன்றி. இந்த நாய்க்கு உலகத்தில் பிடிக்காதவை இந்த இரண்டும்தான். கூண்டைக் கண்டால் நடுங்குவான், காட்டுப்பன்றியைக் கண்டால் துரத்துவான்.

மே மாதத்திலிருந்து அவனுக்குச் சங்கிலி. வேலை நேரத்தில் தங்கம்மாவின் வீட்டில் காவல். தங்கம்மா கேங்கிலேயே மூத்தவர், முழங்கால் வலியால் பாதி நாள் வேலைதான். லயத்தில் எல்லோரும் காவலுக்குச் சேர்ந்துகொண்டார்கள். ஓடைப் பக்கம் பன்றித் தடம் பார்த்தால் வங்காளதேசத்துப் பையன் ரஃபீக் ஓடி வந்து சொல்வான். நாய் எந்தப் பக்கம் மூத்திரம் போகலாம் என்பதுகூடக் கூட்டம் போட்டு முடிவானது. தோட்டத்தின் சார்பில் ஒரு கடிதமும் வேண்டியிருந்தது. இந்த நாய் பன்றியோடு சேரவில்லை என்று டைப் செய்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரு நாய்க்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தது அன்றுதான்.

கூண்டைக் காளியண்ணன் கொண்டு வந்தார். திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர், எங்கள் லயத்துக்காரர். திரும்பி வரும்போது காலி லோரியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கூண்டு ஒன்று உட்கார்ந்து வந்தது. பின்னால் எல்லோரும் ஓடினார்கள். கிச்சாப் மட்டும் எதிர்ப் பக்கம் ஓடினான்.

ஒரு வாரம் எல்லோரும் முயற்சி செய்தார்கள். உள்ளே கோழிக்கால் வைத்தார்கள், அவன் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு பின்னால் போனான். சிங்காரம் தானே உள்ளே தலையை விட்டுக் காட்டினார், தோள் மாட்டிக்கொண்டது. தங்கம்மா விபூதி பூசினார். ஒருநாள் குமுதா அவனைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அவன் போட்ட சத்தம் ஃபேக்டரி வரை கேட்டது. கம்பியைக் கடித்து ஈறு கிழிந்தது. அவள் கதவைத் திறந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"விட்டுட்டுப் போயிடறேன், கிராணி. இவனச் சித்திரவதை பண்ண எனக்கு மனசு வரல."

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. செருப்புக்காக என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரட்டில் வழி பிறந்தது. அவள் வழக்கம்போல் பெயர் வாசித்தாள். மனம் வேறெங்கோ இருந்ததால் பதினாறோடு நிறுத்திவிட்டாள். கிச்சாப் தூணோரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், சங்கிலியைப் பிடித்து இழுத்தும் அவன் கிளம்பவில்லை. பெயர் கூப்பிடாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். குமுதா பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஓடி வந்தாள்.

"கிராணி, அந்தக் கூண்டு ரெண்டு துண்டாக் கழலும்தானே?"

கழன்றது. மறுநாள் காலையில் கூண்டின் அடித் தட்டு மட்டும் தூணோரத்தில், அவன் உட்காரும் இடத்தில் கிடந்தது. உள்ளே அவளுடைய பழைய வேலைச் சட்டை. கிச்சாப் வந்து மோந்து பார்த்தான், சுற்றினான், உட்கார வேறு இடம் இல்லை. குமுதா பெயர் வாசிக்கத் தொடங்கினாள். தங்கம்மா, இருக்கேன். பூவிழி, இருக்கேன். பதிமூன்றாவது பெயருக்கு அவன் முன்னங்காலை உள்ளே வைத்தான். பதினாறுக்கு உட்கார்ந்தேவிட்டான். "கிச்சாப்" என்றதும் ஒரு குரைப்பு.

பெரட்டு ஷெட் நாய்ப் பள்ளிக்கூடம் இல்லை என்று நான் ஒப்புக்கு முணுமுணுத்தேன். மறுநாள் காலை பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நின்றதும் நான்தான். நாலாம் நாள் மேல் தட்டையும் மாட்டினோம். ஒன்பதாம் நாள் கதவு. பதினைந்தாம் நாள் கதவைச் சாத்தினாள், அவன் உள்ளிருந்தே குரைத்தான். அதைப் பார்க்கத் துரையே ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார்.

அதற்குப் பிறகு எனக்கே வெறி பிடித்துவிட்டது. கூண்டோடு அவனைக் கொழுந்து லோரியில் ஏற்றி வளைவெல்லாம் சுற்ற வைத்தோம். ஃபேக்டரிக்குப் பின்னால், இலை வாட்டும் பெரிய விசிறிகளின் வெளிச் சுவரோரம் கூண்டை வைத்தோம். விமானச் சத்தம் இதைவிடவா பெரிதாக இருக்கும்? முதல் நாள் பத்து நிமிடம், பிறகு ஒரு மணி, கடைசியில் மூன்று மணி நேரம். நான் மதியச் சாப்பாட்டை அங்கேயே எடுத்துக்கொண்டு போவேன். அவனுக்காக இல்லை, அங்கே காற்று நன்றாக வரும்.

ஜூலை பிறந்ததும் விசா கைக்கு வந்தது, டிக்கெட் போட்டாகிவிட்டது. அதே விமானத்தில் அவள் மேலே, அவன் கீழே. புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கேங்கு குமுதாவுக்கு விருந்து வைத்தது. தோட்டத்தை விட்டுப் போகிறவருக்குக் கேங்கே சமைத்துப் போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். போகிறவருக்குத்தான் முதல் இலை, நல்ல துண்டு. ஷெட்டில் பாய் விரித்து நெய்ச்சோறும் கோழியும் பெரிய பானையில் காட்டுப்பன்றிக் கறியும். வங்காளதேசத்துப் பையன்கள் கோழிப் பக்கம் உட்கார்ந்தார்கள், நாங்கள் பன்றிப் பக்கம்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போன குமுதா தூணோரத்தில் நின்றுவிட்டாள். கிச்சாப்பின் முன்னால் ஒரு வாழை இலை. நக்கி நக்கிப் பளபளவென்றிருந்தது. பக்கத்தில் ஒரு எலும்பு.

"யாரு போட்டது இது?"

"நான்தான் போட்டேன்," என்றார் தங்கம்மா நிதானமாக. "அவனும் போறவன்தானே. போறவனுக்கு எலை போடாம அனுப்புறதா?"

"என்ன கறி, தங்கம்மாக்கா?"

தங்கம்மா பானையைப் பார்த்தார். அப்புறம் இலையைப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதம் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு காவல் காத்தவர் அவர்தான்.

என் கையெழுத்தும் முத்திரையும் என் கண்முன் வந்தன. உடனே நஜிஹாவுக்குப் போன் போட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், இலை, எலும்பு உட்பட.

"நல்லா வெந்த கறிதானே, அங்கிள்?"

"மூணு மணி நேரம் வெந்துச்சும்மா."

"உயிரோட உள்ள பன்றியப் பத்தித்தான் அந்தத் தாள்ல கேக்குறாங்க. வெந்த கறிக்கு அதுல எடமில்ல. இருந்தாலும் நடந்தத நான் எழுதித்தான் அனுப்புவேன். ரத்தம் என்ன சொல்லுதோ அதுதான் முடிவு."

வியாழக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். அதன் பிறகு ஐந்து நாள் இரண்டாம் நம்பர் கேங்கில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. தங்கம்மா தன் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை என்று பூவிழி வந்து சொன்னாள். நான் ஒரு மணிக்கு நாலு தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு வந்தது. சுத்தம். சான்றிதழும் தயாராகிறது என்று நஜிஹா கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். நான் ஆபீசைப் பூட்டக்கூட இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேல் சரிவுக்குப் போனேன். பாதி வழியிலிருந்தே கையை ஆட்டினேன். அங்கே குமுதா கத்தரியைக் கீழே போட்டுவிட்டுத் தங்கம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பெரட்டில் குமுதா கடைசியாகப் பெயர் வாசித்தாள். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. பிறகு கிளம்பினோம். காளியண்ணன் வேன் ஓட்டினார், முன்னால் நான், பின்னால் குமுதாவும் கிச்சாப்பும் கூண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் உறைந்த பனிக்கட்டி. சிந்தாது, கரையக் கரையக் குடிப்பான். தாப்பா இறக்கத்தில் வளைவுகளில் எனக்குத்தான் குமட்டியது, நாய்க்கு ஒன்றும் இல்லை. லோரிப் பழக்கம்.

சிப்பாங்கில் விமானச் சரக்குக் கூடத்துக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். சிப்பைப் படித்தார்கள், பதினைந்து எண்ணும் சரி. தாள்கள் சரி. கூண்டைச் சோதிக்க வேண்டும், நாயை வெளியே எடுங்கள் என்றார் அங்கிருந்த அதிகாரி. எடுத்தோம். சோதித்தார். சரி, உள்ளே விடுங்கள் என்றார்.

அப்போதுதான் ஒரு ஃபோர்க்லிஃப்ட் இரும்புச் சத்தத்தோடு பக்கத்தில் வந்து நின்றது. கிச்சாப்பின் உடம்பு ஒடுங்கியது. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு கூண்டைப் பார்த்து நடுங்கத் தொடங்கினான். நாலு வருடத்துக்கு முந்தைய குட்டியாகவே ஆகிவிட்டான். குமுதா தட்டிக்கொடுத்தாள், கெஞ்சினாள். கால் மணி, அரை மணி போனது. அதிகாரி கெட்டவர் இல்லை. "தள்ளி உள்ளே விட்டால் வழியில் தன்னையே கடித்துக்கொள்ளும், அக்கா. நான் ஏற்றுக்கொள்ள முடியாது" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

மூன்று இருபது. குமுதா எழுந்து நின்றாள். கூண்டைத் தூக்கி அங்கிருந்த ஒரு தூணோரத்தில் வைத்தாள். இரண்டடி தள்ளி நிமிர்ந்து நின்று, பெரட்டுக் குரலில் கூப்பிட்டாள்.

"தங்கம்மா."

யாரும் பதில் சொல்லவில்லை. கிச்சாப் காதை நிமிர்த்தி அங்குமிங்கும் பார்த்தான். தங்கம்மா இல்லையே என்று தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள், இந்தத் தடவை குரல் உடைந்தது. நான் சரக்குக் கூடத்தின் நடுவில், முழுக்கைச் சட்டையும் டையும் போட்ட மனிதன், தங்கம்மாவின் இழுவைக் குரலில், "இருக்கேன்" என்றேன்.

"பூவிழி."

"இருக்கேன்," என்றார் காளியண்ணன் கீச்சுக் குரலில். அவருடைய மீசைக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை.

"சிங்காரம்." இருக்கேன். நானும் காளியண்ணனும் மாறி மாறிப் பதினாறு பேராக ஆனோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பன்னிரண்டாவது பெயருக்குக் கிச்சாப்பின் வால் வெளியே வந்தது. பதினாலாவதுக்கு நடந்தான். உள்ளே போனான், சுற்றித் திரும்பினான், உட்கார்ந்தான்.

"கிச்சாப்."

ஒரே ஒரு குரைப்பு. குமுதா கதவைச் சாத்தினாள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவுக் கம்பிகளில் பிளாஸ்டிக் கட்டு மாட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு எடை போடும் நேரம். குமுதா இடத்துக்குத் தங்கம்மா தற்காலிகக் கங்காணி, கேங்கு முழுக்க ஷெட்டில் நின்றது. என் போன் அடித்தது. திரையில் குமுதா, பக்கத்தில் ஜெகதீஸ்வரன். லண்டன் விமான நிலையத்தில் மிருகங்களை இறக்கும் இடம், அங்கே காலை பத்து மணி. இரண்டு பேர் முகத்திலும் தூக்கம் இல்லை.

"வந்துட்டான், கிராணி. உயிரோட நல்லா இருக்கான். ஆனா கூண்ட விட்டு வெளிய வரமாட்றான். கதவத் திறந்து ஒரு மணி நேரமாச்சு. மூலையில ஒட்டிக்கிட்டு என்னையே பாக்க மாட்றான். நான் பேர் வாசிச்சேன், இவர் ஒருத்தரே பதில் சொன்னாரு. இவர் குரல மறந்துட்டான் போல." ஜெகதீஸ்வரன் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டார். "ரொம்பத் தூரம் வந்துட்டோம், கிராணி. தப்புப் பண்ணிட்டேனோன்னு இருக்கு."

நான் ஷெட்டைப் பார்த்தேன். பதினாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். "செல்போனக் கூண்டுக்கிட்ட வை, குமுதா" என்றேன். தங்கம்மா பெயர்ப் பட்டியலை என்னிடம் நீட்டினார். "நீங்களே வாசிங்க கிராணி. நான் இருக்கேன்னு சொல்லணுமே."

இருபத்தாறு வருடத்தில் நான் பெயர் வாசித்ததே இல்லை. கோடு போடுகிறவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "தங்கம்மா." "இருக்கேன்." "பூவிழி." "இருக்கேன்." ஒவ்வொருவரும் போனுக்கு அருகில் வந்து குரல் கொடுத்தார்கள். திரையில் கூண்டின் இருட்டு மட்டும் தெரிந்தது. ஏழாவது பெயருக்கு அந்த இருட்டில் ஏதோ அசைந்தது. பதினொன்றுக்கு இரண்டு காதுகள் தெரிந்தன. பதினாறாவது ரஃபீக். "இருக்கேன்" என்று கத்தினான், பக்கத்திலிருந்தவன் அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பட்டியலில் அதற்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"குமுதா," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு விம்மல். "இருக்கேன், கிராணி."

"கிச்சாப்."

குரைத்தான். ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வழக்கம்போல ஒரே ஒரு குரைப்பு. ஷெட்டில் தங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்குக் காத்திருக்கிறான் என்பது எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

"சரி," என்றேன், "எல்லாரும் கெளம்பலாம்."

திரையில் ஒரு கருப்பு உருவம் பாய்ந்தது. போன் கீழே விழுந்து கூரை தெரிந்தது. குமுதா சிரிப்பதும் அழுவதும், ஜெகதீஸ்வரன் "டேய், டேய், நக்காதலா" என்று கத்துவதும் கேட்டது. நான் செக்ரோலைத் திறந்தேன். பதினாறாவது வரிக்குக் கீழே அவன் பெயரை எழுதி ஒரு கோடு போட்டேன். அரசாங்கம் வந்து கேட்டால் கேட்கட்டும்.